கேத்தில் பாட்டை ஏன் தூக்கினார்கள்?

நித்தியானந்தனோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனைப் போல நச்சரிக்கிற ஆளை நான் கண்டதில்லை. எதற்கும் ஏன் என்பான். பகலில் ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, மாலையில் ஒரு மண்டபத்துக்கு ஆங்கிலம் படிக்கப் போனான். பக்கத்து அறையில் வெள்ளைக்காரர்கள் சிலர் விக்டோரியா மகாராணி காலத்து நகைச்சுவை இசைநாடகம் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்கள். இவன் எட்டிப் பார்த்தான். அவர்களுக்கு ஆண்குரலுக்குப் பஞ்சம். பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

2012இல் அவனுக்குத் தனிப்பாட்டே கிடைத்தது. கப்பல் சமையல்காரன் தன் காதலியை வர்ணிக்கிறான்: குண்டு முகம், மூக்கின்மேல் கோபம், புஸ்ஸென்று பெருமூச்சு. அவள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் கேத்தில் என்பது கடைசி வரியில்தான் தெரியவரும். லண்டனில் அந்த நாடகம் அரங்கேறிய முதல் இரவில் சனம் சிரிக்கவே இல்லையாம். மறுநாளே பாட்டைத் தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு இவன்வரை யாரும் பாடவில்லை.

“ஏன் தூக்கினவங்கள், லதீஸ் அண்ணை?” சோற்றில் கை வைத்தால் இதே கேள்வி.

“எனக்கென்னடா தெரியும்? நானென்ன அங்க இருந்தனானோ?”

“ஒருக்காக் கேட்டுப்போட்டு எப்பிடி முடிவெடுக்கிறது?”

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். முதல் நேர்காணலோடு அவனுடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்திருந்தார்கள். மேன்முறையீட்டுக்குக் காத்திருந்தான்.

நாடகத்தை இயக்கிய மார்கரெட் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் நாள் எடுபடாவிட்டால், லண்டனில் போலவே இங்கும் பாட்டை வெட்டிவிடுவாராம். அந்த வாரம் முழுக்க நித்திக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

முதல் நாள் நான் கடைசி வரிசையில் இருந்தேன். பாடினான். ஒரு சிரிப்பு இல்லை. கேத்தில் வந்தபோது யாரோ இருமினார்கள். அவன் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நாடகம் பார்க்கும்போது செய்வதையே செய்தேன். எழும்பி நின்று, “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினேன்.

மண்டபமே திரும்பி என்னை முறைத்தது. வாத்தியக் குழுவை நடத்திய கிழவர் மட்டும் சிரித்தார். அந்தக் காலத்து லண்டனிலும் சனம் இப்படித்தான் மறுபடி கேட்குமாம், பிறகு சொன்னார். கோலை உயர்த்தினார்.

நித்தி பாட்டை மறுபடி தொடங்கினான். குண்டு முகம் என்றதுமே முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். காதலி யாரென்று இப்போது எல்லாருக்கும் தெரியுமே! பெருமூச்சு வந்தபோது மண்டபம் குலுங்கியது. மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாட்டு தப்பியது.

“இப்ப விளங்குது, அண்ணை,” என்றான் காரில். “லண்டனில அவங்கள் ரெண்டாந்தரம் கேக்கேல்ல.”

மேன்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்தபோது என்னையும் கூப்பிட்டான்.

“அங்க கத்த விடமாட்டாங்களடா.”

“பரவாயில்லை. பின்னால இருங்கோ.”