பால்ராஜ் அண்ணனின் ஒத்தைச் சீட் ஸ்கிராம்ப்ளர்

பால்ராஜ் அண்ணன் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. கம்பெனியில் கட்டிங் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேஸ் டிரபிள்தான் என்று சொல்லி சோடா வாங்கிவரச் சொன்னாராம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கம்பெனி வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் பார்த்ததும், இது வேறு யாரோ ஒரு பால்ராஜாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டுவதும் தப்புதானே.

அன்றைக்கு என் பாப்பாவுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தே பகல் போனது. கடைசியாக முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. இன்றுதான் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன்.

தெரியாதவர்களுக்கு... பாப்பா பிறப்பதற்கு முன் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைனராக இருந்தேன். நான் கம்ப்யூட்டரில் போட்டு, பிரிண்ட் ஆகி வருவதைக் கடைசியில் அளவுக்கு வெட்டுகிறவர் அண்ணன். வேலையை விட்ட பிறகும் போன் பண்ணுவார். "என்ன தாயி, புள்ள தும்முனா நீ ஆஸ்பத்திரிக்கு ஓடுதியாமே?" என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு பழைய குரூசர் பைக் இருந்தது. நீளமாக, தாழ்வாக, காலை முன்னால் நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

மல்லாங்கிணறு பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு. அண்ணன் மனைவி முத்துலட்சுமி அக்காதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி, முட்டி வலியோடு நடை.

போன வருஷம் மழையில் அண்ணன் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கரிசல் மண் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. அக்கா இறங்கித் தள்ள, சகதி முழுக்க அக்கா மேல்.

"இது வண்டியா, எருமையா? சகதியக் கண்டதும் படுத்துக்கிடுது! இனி இதுல நான் ஏற மாட்டேன்."

சொன்னபடியே ஏறவில்லை. அண்ணனுக்கு அது மனசில் தைத்துவிட்டது.

எங்கேயோ யூடியூபில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஸ்கிராம்ப்ளர்னு ஒண்ணு இருக்கு தாயி, சகதியிலயும் ஓடும். மட்கார்ட மேல தூக்கணும், சைலன்சரத் தூக்கணும், பட்டன் டயர் போடணும். எருமைய வெள்ளாடா மாத்துறோம். மழைக்கு முன்ன உங்க அக்காவ ஏத்திட்டுப் போகணும். நீ ஒரு படம் போட்டுக் குடு."

வண்டியைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்பினார். அதன் மேலேயே வரைந்தேன். உயர்ந்த மட்கார்டு, அகலமான ஹேண்டில்பார், ரெண்டு பேர் உட்காரும் தட்டையான சீட். முன்னால் அண்ணன், பின்னால் அக்கா... இடம் தெரியட்டுமே என்று சீட்டின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

அண்ணன் அதை வண்டி சைஸுக்கே பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

எங்கள் பிரஸ்ஸில் சிவப்புக் கோடு என்றால் வெட்டு. வாழ்நாள் முழுக்க அந்தக் கோட்டில் வெட்டியவர். பட்டறைக்காரர் "இங்கனயாண்ணே?" என்று கேட்டபோதுகூட "கோட்டுலதான்லே" என்றாராம்.

சீட்டைத் தாங்கும் கம்பியும் சீட்டும், பின்பாதி போயே போய்விட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். "வெள்ளாடு நல்லாத்தான் இருக்கு. எனக்கு எங்கன எடம்? டேங்க் மேலயா?"

அண்ணன் போனில் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம், "வாயத் தொறந்து கேலி பண்ணுதா. ஆனா அவளுக்கு மனசு விட்டுப்போச்சு தாயி" என்றார்.

பிரஸ்ஸில் இருந்திருந்தால் டேபிளில் படத்தை விரித்து, இது வெட்டு இல்லைண்ணே என்று சொல்லியிருப்பேன். வாட்ஸப்பில் அனுப்பியதோடு சரி. அந்தக் கோட்டைப் பச்சையில் போட்டிருக்கலாம்... போட்டிருக்கலாம்.

திரும்ப ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் பட்டாசு சீசன் ஆரம்பித்துவிட்டது. பட்டறையை ஒட்டிய காலி இடத்தில் வெடி லோடு லாரிகள் வந்து நிற்கும். தீபாவளி லோடு போய் முடிகிறவரை அங்கே வெல்டிங் கிடையாது, கிரைண்டர் கிடையாது. ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது.

வேறு பட்டறையில் கொடுங்கண்ணே என்றேன். "வெட்டுனவனுக்குத்தான் அதோட எலும்பு தெரியும். தீவாளி முடியட்டும் தாயி, எங்க போயிரப்போறோம்?"

எங்க போயிரப்போறோம் என்றார்.

இன்று போனபோது வண்டி வாசலில் நின்றது. வேஸ்ட் காலண்டர் ஷீட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பாப்பா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடு இல்ல, பயப்படாத" என்றார்.

அக்காவின் தம்பி மெதுவாக ஆரம்பித்தார். "இத வச்சு என்ன செய்ய? பார்ட் பார்ட்டாக் கழட்டி வித்துருவோம்க்கா. இப்பிடி வெட்டுன வண்டிய யாரு வாங்குவா?"

"விக்க வேண்டாம். தீவாளி முடிஞ்சதும் பட்டறைக்கு உருட்டிட்டுப் போ. பின்பக்கத்த ஒட்டச் சொல்லு."

"ஒட்டி? யாரு ஓட்டப்போறா?"

"நீ ஓட்டு, இல்ல எவனாச்சும் ஓட்டட்டும்லே. நான் பின்னால உக்காந்து ஒரு தடவ காட்டுக்குப் போகணும். அந்த மனுசன் அதுக்குத்தான செஞ்சாக."

மழை வரும் போலிருந்தது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா ஏறுறேன்னு சொல்லிட்டாக அண்ணே...

நல்லபடியாப் போங்க.