சீர்த்தட்டில் வந்த ஷூ

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் மீது எனக்குக் கோபமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா திட்டக்குடி பக்கத்து மங்களூரில் பிறந்து, விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்து என்னையும் தங்கையையும் வளர்த்தார். பொறுமைசாலி என்று எழுத ஆசைதான். எழுதினால் அவரே சிரிப்பார். தங்கை கபடி ஆடுவதைப் பார்க்க வேலை முடிந்த கையோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். ஆட்டம் மட்டும் கடைசிவரை அவருக்குப் புரியவே இல்லை. எதிரணிப் பெண் தங்கையின் காலைப் பிடித்தால் போதும், "எம்பொண்ணு கால வுடுடி" என்று கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடுவார். தங்கைக்கு மானம் போகும்.

தங்கை பெரியவளானதும், இனி விளையாட்டு வேண்டாம் என்று அத்தையும் மற்றவர்களும் முடிவு கட்டினார்கள். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வந்தது. பட்டுப்புடவைக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு ஜோடி ஷூ. அம்மா சொல்லித்தான் மாமா வாங்கியிருந்தார். காலில் போடுவதைத் தட்டில் வைப்பதா என்று பந்தல் முழுக்கப் பேச்சு. "தாய்மாமன் சீருல வந்தத ஒதுக்கக் கூடாதுங்க. பொண்ணு போட்டுதான் ஆவணும்" என்றார் அம்மா. மறுவாரமே தங்கை ஆடப் போனாள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னதும் அதுதான்: "என்னப் பாத்துக்க ஆளு இருக்குது. அவள வெளையாட அனுப்புங்க."

அதற்குத் தலையாட்டிய உறவினர்களான நீங்கள்தான் பிறகு, தாயில்லாத பெண், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அப்பாவின் காதில் ஓதினீர்கள். அந்த நாலு பேரும் நீங்கள்தானே? அப்பா பயந்துபோய் அவளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிட்டார். பள்ளி விட்டு வருவாள், சமைப்பாள், யாரோடும் பேசமாட்டாள். நான் இப்போது இருக்கும் திட்டக்குடியிலிருந்து வந்து வந்து அப்பாவிடம் சண்டை போட்டு எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வாரம் விளையாட்டு ஆசிரியை வீட்டுக்கு வந்தார். அணிக்கு ஒரு ஆள் குறைகிறது, ஆட்டமோ நினைவு நாளன்று காலையில் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அப்பாவோடு மல்லுக்கட்டத் தயாரானேன். அப்பா அம்மாவின் படத்தைப் பார்த்தார். "அவ இருந்தா போயிருப்பா. நானே கூட்டிட்டு வரேன்" என்றார்.

அம்மாவின் சிகிச்சையின்போது துணை நின்ற உறவினர்களுக்கும், கம்பெனித் தோழிகளுக்கும், மாமாவுக்கும், ஆசிரியைக்கும் எங்கள் நன்றி. இன்று வந்திருக்கும் நீங்கள் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து அப்பாவும் தங்கையும் வந்த பிறகுதான் அம்மாவுக்குப் படையல்.