வரைய வைத்த தேங்காய்

இன்று நம் படிப்பகத்தில் ஓவிய வகுப்பைத் தொடங்கினேன். நடந்ததை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே எழுதி இந்தப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

முதல் பாடம், பார்த்து வரைவது. பித்தளைத் தட்டில் ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் வெற்றிலை. வெளிச்சம் சரியாக விழும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

பிறகு சாக்பீஸ் எடுக்கப் பஞ்சாயத்து ரேடியோ அறைக்குப் போனவன், செய்தி முடியும்வரை நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தால் கற்பூர வாசனை. தேங்காய் இரண்டு மூடியாகக் கிடக்கிறது. மாணவர்கள் எல்லோர் வாயிலும் வாழைப்பழம்.

எல்லாம் என் மாணவர்களில் ஒருவரான, செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தணிகாசலத்தின் வேலை. தினமும் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கடை திறக்கிறவர் அவர்.

"இன்னா சார், மொத நாள் பூசைக்குத்தானே வெச்சீங்க? நல்ல நேரம் போயிடப் போவுதுன்னு நானே ஒடச்சிட்டேன்."

"அது வரையறதுக்கு வெச்சதுங்க!"

"உங்களுக்கும் ஒரு பத்த தேங்கா எடுத்து வெச்சிருக்குது சார்."

கோபத்தோடுதான் வாங்கித் தின்றேன். நல்ல இளசு.

"சரி, மிச்சம் இருக்கிறத வரைங்க" என்றேன்.

வரைந்தார்கள். தணிகாசலம் வரைந்த பழத்தோலைப் பார்த்தால், மிதித்து வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான்.

அடுத்த வாரத்துக்கு, யாரும் பச்சையாகத் தின்ன மாட்டார்கள் என்று அவர்கள் வரைந்து முடிப்பதற்குள் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்துவிட்டேன். போகும்போது தணிகாசலம் அதைத் தட்டிப் பார்த்தார்.

"சார், இத வாசல்லதானே ஒடைக்கணும்?"

தின்னவும் உடைக்கவும் முடியாத பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.