எண்பத்து நாலு ஓட்டை

நகரத்தையும் புறநகரையும் இணைக்கும் ஆற்றுப் பாலத்தில் ஓர் ஆள் கம்பியால் ஓட்டை போடுகிறான், பாலம் ஆடுவதே அதனால்தான் என்று போன மாதம் ஒரு செய்தி வீடியோவோடு சுற்றியது. என் மைத்துனர்கள் மூன்று பேரும் தனித்தனியாக அனுப்பினார்கள். நேரில் பார்த்துவிடலாமே என்று பஸ் ஏறினேன்.

ஓட்டைகள் இருந்தன. நடைபாதை ஓரமாக, பக்கத்துக்கு நாற்பத்திரண்டு. மழைத்தண்ணீர் ஆற்றில் இறங்குவதற்காகப் பாலம் கட்டும்போதே விட்டவை. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

வீடியோவில் இருந்தவர் பாலத்தைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி. நெடுஞ்சாலைத்துறை அலுவலகத்தில் அவருக்கு ‘ஓட்டையார்’ என்று பட்டம். மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்த துளைகளைப் பத்தொன்பது வருஷமாகக் குத்தித் திறந்துவிடுகிறார். கம்பிகூட சொந்தக் கம்பி. அவர் மச்சான் பட்டறையில் அடித்துக் கொடுத்தது. பத்தொன்பது வருஷமும் தினக்கூலி. இந்த மாதம்தான் நிரந்தர ஊழியர் பட்டியலில் பெயர் ஏற இருந்தது. அதற்குள் விசாரணை.

விசாரித்த பொறியாளரிடம் பாலத்தின் வரைபடம் இல்லை. தொலைந்து பல காலம் ஆகிறதாம். மொத்தம் எத்தனை ஓட்டை என்று இவரிடமே கேட்டிருக்கிறார். இவரும் வெள்ளந்தியாக எண்பத்து நாலு என்றிருக்கிறார்.

“அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்? போட்டவனுக்குத்தான்யா கணக்கு தெரியும்.”

“குனிஞ்சவனுக்கும் தெரியும் சார்.”

அதைத் திமிர் என்று கோப்பில் எழுதி, கம்பியைச் சாட்சிப் பொருளாகப் பிடுங்கிக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரைபடத்தைத் தொலைத்தவர்மேல் ஒரு விசாரணையும் இல்லை.

அடுத்த வாரம் மழை. எண்பத்து நாலும் அடைத்துக்கொண்டன. ஆற்றுக்கு மேலே இன்னோர் ஆறு நின்றது. அதன் நடுவே பொறியாளரின் காரும் நின்றது. காருக்குள்ளிருந்தே ஓட்டையாருக்குப் போன் செய்தார். விசாரணை என்னவாயிற்று, வேலை நிரந்தரமா என்ற பேச்சே இல்லை. உடனே வா, அவ்வளவுதான்.

கம்பி அலமாரியில், சாவி லீவில் போன குமாஸ்தாவிடம். ஓட்டையார் மனைவியின் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குத்தக் குத்தத் தண்ணீர் இறங்கியது, கார் கிளம்பியது. குடையில் ஐந்து கம்பி போயிற்று.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பட்டியலில் பெயர் இல்லை. கம்பியும் வரவில்லை. தையல் கம்பெனி வேலை முடிந்து மனைவி தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார்.

“அவங்க எப்ப வேணா நிரந்தரம் பண்ணட்டும். இவரு முதல்ல என் குடையத் தரட்டும்.”

ஓட்டையார் குனிந்துகொண்டார். பழக்கம்தானே.