அண்ணன் உயரத்து ஊன்றுகோல்

பூட்டுக்காரர் குட்டையான மனிதர். அவருடைய அண்ணன் நெட்டை. தெருவில் எல்லோரும் அவரை ஒட்டகம் என்றே கூப்பிட்டார்கள், அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்த்தார். அந்த அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, நனைந்த மாடிப்படியில் வழுக்கி விழுந்து தம்பி வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீடு திரும்பியவரைப் பார்க்க அண்ணி வந்தார். கையில், அண்ணன் கடைசிக் காலத்தில் அக்குளில் வைத்து நடந்த இரண்டு மர ஊன்றுகோல்கள்.

"புதுசு எதுக்குத் தம்பி? இது சும்மாதானே கெடக்கு. ஆனா அறுத்துக் கிறுத்து வச்சுராதீங்க. அவர் நின்ன உயரம் இது. அப்படியே எனக்குத் திரும்பி வரணும்."

"சரி அண்ணி" என்றார் பூட்டுக்காரர்.

ஊன்றுகோலின் மேல்கட்டை அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். உடம்பின் பாரத்தை உள்ளங்கை தாங்க வேண்டும். இவருக்கோ மேல்கட்டை அக்குளிலேயே ஏறி உட்கார்ந்தது. தோள்கள் காதைத் தொட, ஆணியில் மாட்டிய சட்டை போலத் தொங்கியபடி கடைக்குப் போய்வந்தார். வலித்ததும் மேல்கட்டையில் பழைய துண்டைச் சுற்றினார். வலி குறைந்தது, உயரம் இன்னும் கூடியது.

"உங்க அண்ணன் சட்டைன்னாலும் கையை மடிச்சு விட்டுக்கலாம்," என்றாள் மனைவி. "இதை என்ன பண்ணுவீங்க? ரெண்டு விரக்கடை அறுத்தா குடியா முழுகிடும்?"

"வார்த்தை குடுத்துட்டேன்."

"அப்ப வார்த்தையை அக்குள்ல வச்சுக்கிட்டு நடங்க."

சில வாரங்களில் வலது கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகத் தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி ரம்பத்தை எடுப்பாள்.

ஒரு நாள் காலையில் சாவி ராவ அரத்தை எடுத்தார். அது நழுவி விழுந்தது. மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. பக்கவாதமோ என்று பயந்து கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். வாய் கோணவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வண்டியை நிறுத்துவது போலக் கையைக் காட்டச் சொன்னார். கை வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது. முழங்கையை நீட்டச் சொன்னார். அதுவும் பாதியில் நின்றது.

"ரேடியல் நரம்புன்னு ஒண்ணு இருக்கு. அக்குள் வழியா வந்து, மேல்கை எலும்பைப் பின்பக்கமா சுத்திக்கிட்டு, புறங்கைக்குப் போகுது. முழங்கையை நீட்டுறது, மணிக்கட்டைத் தூக்குறது, விரலை விரிக்கிறது எல்லாம் அதோட வேலை. எலும்பை ஒட்டுற எடத்துல நசுங்கியிருந்தா முழங்கை தப்பிச்சிருக்கும். உங்களுக்கு அதுவும் போயிருக்கு. அப்ப அக்குள்லயே நசுங்கியிருக்கு. அந்தக் கட்டை யாரோடது?"

"எங்க அண்ணனோடது."

டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஊன்றுகோல்களை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"விரல் மடங்குதே டாக்டர், அரம் பிடிக்கலாமில்ல?"

"மடக்குற நரம்பு வேற. ஆனா மணிக்கட்டு நிமிந்து நின்னாத்தான் பிடிக்குப் பலம். மரத்தப்பவே வந்திருந்தா சீக்கிரமே சரியாயிருக்கும். இப்ப உள்ளே நார் அறுந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு முளைச்சு வரணும். வந்தா வரும்."

மணிக்கட்டை நிமிர்த்திப் பட்டை கட்டி, அளவான ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். கேள்விப்பட்டு அண்ணி ஓடிவந்தார்.

"ஏன் தம்பி அறுக்கல?"

"நீங்கதானே அண்ணி வேணாம்னீங்க."

"துக்கத்துல ஆயிரம் சொல்லுவேன். ஒரு தடவ வந்து கேட்டிருந்தா நானே அறுத்துக் குடுத்திருப்பேனே."

கேட்கலாம் என்று பூட்டுக்காரருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நரம்பு மேலிருந்து கீழே முளைத்து வந்தது. முதலில் முழங்கை நீண்டது. முறிந்த கால் கூடி வெகுநாள் கழித்து மணிக்கட்டு சற்றே நிமிர்ந்தது. விரல்களுக்கு வருமுன் நரம்பு வழியிலேயே நின்றுவிட்டது. பிடித்த சாவியை விடுவதற்கு, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்; அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அண்ணி வரும்போதெல்லாம் கையைப் பற்றிக் கேட்பார். "வருது அண்ணி, வந்துக்கிட்டே இருக்கு" என்பார் பூட்டுக்காரர். இனி வராது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கும் அது தெரியும். எல்லாவற்றுக்கும் வாய் நீளும் அவள், அந்த ஒன்றுக்கு மட்டும் பேசாமல் இருந்தாள்.