காலியாக விட முடியாத கட்டம்

ஒரு கட்டத்தைக் காலியாக விடலாமா கூடாதா என்று முடிவெடுப்பதுதான் இன்று என் பிழைப்பு. கணினியில் நிரல் எழுதுகிறவள் நான். அந்த முடிவை முதன்முதலாக எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அக்கா கல்யாணத்தில் எடுத்தேன்.

அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பை நாமகிரிப்பேட்டை மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வருகிற பெண்களின் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் அடித்தால் போதும், இரண்டையும் சேர்த்து 'வாங்க வாங்க' என்று திரையில் பூ கொட்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவந்து, 'கீக்' என்று கத்தும், மேலே நகராது. யாரும் சொல்லித்தராமல் நானாகவே யோசித்து வைத்த காவல் அது. பூவைவிட அதில்தான் எனக்குப் பெருமை.

எங்கள் பக்கத்தில் கட்டினவர் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். வேடிக்கையே அதுதான் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "உன்ற பெரியப்பன் பேரு உனக்குத் தெரியாதா சாமி, நீயே அடி" என்றாள். பூ கொட்டியது. வரிசையே சிரித்தது.

அடுத்து அத்தை, அப்பாவின் தங்கை. மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், பல வருசமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. அவர் பேச்சு வந்தால் பெரியவர்கள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள்.

அத்தை பெயரை அடித்துவிட்டு மாமா பெயரையும் நானே அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாங் கண்ணு, உட்டுரு."

விட்டேன். கீக். மறுபடியும் கீக்.

பின்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டம்மா ஒருத்தர், "ஏனம்மிணி, ஊட்டுக்காரர் பேரு மறந்து போச்சுங்களா?" என்று கேலி செய்தார்.

"மறக்கலீங்க" என்ற அத்தை என் பக்கம் குனிந்தாள். "அங்கயும் என்ற பேரையே போட்டுரு சாமி."

போட்டேன். அத்தை பெயரும் அத்தை பெயருமாக ஜோடி சேர்ந்து பூ கொட்டியது. மாப்பிள்ளை வீட்டம்மா வாய்விட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்து, சந்தனம் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு முகம் எரிந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் நிரல் இப்படி ஏமாந்துவிட்டதே என்று சோறு இறங்கவில்லை. பந்தி முடிவதற்குள் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வந்தால் ஏற்காதே.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அத்தை சமையல்கூடத்து வாசல் வழியாக வந்தாள். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. முன்வாசலில் வந்தவர் போனவரிடமெல்லாம், இனிமேல் இதை யாரும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.