மஞ்சளாய் மின்னிய குண்டா

யுத்த காலம். கல்யாணமாகிக் கம்பைநல்லூருக்கு வந்த புதிது. என் பித்தளைக் குண்டாவைப் போல் தெருவில் எதுவும் மின்னாது என்ற கர்வம் எனக்கு. தினமும் புளியும் மணலும் போட்டு, உள்ளும் புறமும் தேய்ப்பேன்.

ஒருநாள் காலையில் அதில் வைத்த ரசத்தை மதியம் சாப்பிட்ட கணவர், பொழுது சாய்வதற்குள் நான்கு முறை வாந்தி எடுத்தார். வெறும் வயிறாயிற்றே என்று, மிச்ச ரசத்தையே சோற்றில் கரைத்து ஊட்டப் போனேன்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா குண்டாவுக்குள் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். “உள்ள பூசுன ஈயத்தையே தேச்சு எடுத்துட்டியேம்மா! வெறும் பித்தளையில புளி நின்னா வெசமாச்சே!”

ரசத்தின் ஓரம் பச்சையாயிருந்தது.

கணவர் பிழைத்தார், திட்டவும் இல்லை. ஆனால் அதன்பின் நான் ரசம் ஊற்றும்போதெல்லாம், ஒரு கணம் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அந்த ஒரு கணம் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை.